பால் ஊறாத வருடங்கள்

விருதுநகரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் நடுவில் அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திய பெண் நான் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். இருந்ததையெல்லாம் திரட்டி என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அங்கே எனக்கு வாய்த்த பேராசிரியர் ஹார்மோன்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை கிடைத்து ஊருக்குக் கிளம்பும்போது, "உன் ஊரில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"வெயில் இருக்கிறது சார். தேரை இருக்கிறது."

"அப்படியானால் அதையே எடுத்துக்கொள்" என்றார்.

எங்கள் பக்கம் ஐப்பசியில்தான் மழை. அதுவும் சில வருடங்களில் ஏமாற்றிவிடும். மற்ற மாதங்களில் தேரைகள் கரிசல் வெடிப்புக்குள்ளும் கிணற்றுச் சுவர்ப் பொந்துகளிலும் கிடக்கும். மழை இறங்கிவிட்டால் போதும், எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் வந்து, குளம்படித் தண்ணீரில்கூட இணை சேர்ந்து முட்டையிடும். மழை வந்துவிட்டது என்று அதன் உடம்புக்கு யார் சொல்கிறார்கள்? நனைந்த தோல் சொல்கிறதா, கண்ணா, காதா? எது சொன்னாலும் அது மூளைக்குத்தான் போகவேண்டும். மூளை அதை யாரிடம் சொல்கிறது?

மூளைக்கு அடியில் சிறு காம்பில் தொங்குகிற பிட்யூட்டரி சுரப்பியிடம் சொல்கிறது என்பது அப்போதே தெரிந்த விஷயம். மனிதருக்கு அது பட்டாணி அளவு. தேரைக்குக் கடுகளவுதான். அங்கிருந்துதான் சூலகத்துக்கும் விந்தகத்துக்கும் தைராய்டுக்கும் அட்ரினலுக்கும் உத்தரவு போகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணிகளில் பாலை ஊற வைப்பதும் அதுதான். வருடா வருடம் கரும்பலகையில் மூளையை வரைந்து, அதன் கீழே அந்தச் சுரப்பியைச் சிவப்புச் சாக்கட்டியால் வட்டமிட்டு, பையன்களுக்கு இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மல்லாங்கிணறு பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் தேரை பிடித்துத் தர ஒரு ஆள் இருந்தார். அவரிடம் வாங்கி ஈரச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவேன். கண்டக்டர் ஒருநாள் சாக்கைக் காலால் தள்ளப் போனவர் அது அசைவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சாக்குல என்னங்க டீச்சர்?"

"தேரை."

"எம்புட்டு?"

"ஒரு சாக்கு."

பஸ்ஸில் என்னைச் சுற்றி நாலு சீட்டு காலியாகிவிட்டது.

தேரையை ஈதரில் மயக்கி, வாயைத் திறந்து, மேலண்ணத்து எலும்பில் ஊசிமுனை அளவு துளை போட்டு, கண்ணாடிக் குழாயால் பிட்யூட்டரியை உறிஞ்சி எடுப்பேன். கை கொஞ்சம் நடுங்கினாலும் மூளை கிழிந்துவிடும். சுரப்பி போன தேரைகள் உடனே சாவதில்லை. வைத்த இடத்தில் இருக்கும். எதிரே பூச்சி ஓடினால் பார்க்கும், நாக்கை நீட்டாது. உரிய வேண்டிய தோல் உரியாமல் மேலுக்கு மேலே சேரும். ஆணைக் கொண்டுபோய்ப் பெண்ணின் முதுகில் வைத்தாலும் கட்டிப்பிடிக்காமல் சரிந்து இறங்கிவிடும்.

அதற்கு மாறாக, நல்ல தேரைகளுக்குப் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டும் பார்த்தேன். அது சித்திரை மாதம். கல்லூரிக் கட்டிடம் அடுப்பு மாதிரி கொதித்தது. ஊசி போட்ட ஜோடிகளைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிட்டுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஒரு ஆண் தேரை கத்த ஆரம்பித்தது. வெளியே மேகம் என்ற பேச்சே இல்லை. தொட்டியை எட்டிப் பார்த்தால், கறுப்பு மணி கோத்த மாதிரி முட்டைச் சரம் தண்ணீருக்குள் சுற்றிக் கிடந்தது. நான் சிரித்தேன், தனியாக, சத்தமாக. என்னைக் கூட்டிப்போக வந்த கணவர் அதைக் கேட்டுத்தான் உள்ளே வந்தார்.

அவர் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் போர்மேன். காலையில் ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். விரல் இடுக்குகளில் எப்போதும் மை இருக்கும். அதிகம் பேசமாட்டார். தொட்டிக்குள் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கத்திரி வெயில்ல மழைன்னு நம்பிருச்சே, பாவம்" என்றார்.

அந்த வருடக் கடைசியில் நான் உண்டானேன்.

கணவரின் அக்கா, என் மைனி, திருத்தங்கலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். குழந்தை இல்லை. செய்தி கேட்டதும் நார்ப்பெட்டி நிறைய முறுக்கோடு வந்து இறங்கியவர், முறுக்கைக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொன்னார்:

"வயித்துப் பிள்ளையோட அந்தத் தேரையத் தொடாத தாயி. தேரை மோதிருச்சுன்னா பிள்ளை ஈர்க்குச்சியா இளைச்சுப்போகும். தாய்க்கும் ஆகாது."

நாள்தோறும் ஜெபம் பண்ணுகிற, பிள்ளைகளுக்குக் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுக்கிற மைனி இதை நம்பினார். எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். நான் சிரித்துவிட்டு மறுநாளும் ஆய்வகத்துக்குப் போனேன்.

பிரசவம் மிஷன் ஆஸ்பத்திரியில். மதியம் பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகையைக் கேட்டேன். அதற்குப் பிறகு நச்சுக்கொடி வரவில்லை. வந்தபோது அதோடு ரத்தமும் நிற்காமல் வந்தது. கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தியதும், நர்ஸ் ஒருத்தி வேதவசனம் முணுமுணுத்ததும், காது அடைத்துக்கொண்டு எல்லாரும் தூரத்துக்குப் போனதும் நினைவிருக்கிறது. கணவரும் அவருடைய அச்சகத்து ஆட்கள் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்களாம். நான் பிழைத்தது கர்த்தரின் கிருபை என்று மைனி சொன்னார். டாக்டரும் ஏறக்குறைய அதையே சொன்னார்.

கண் விழித்தபோது குழந்தையைப் பக்கத்தில் போட்டார்கள். சிவப்பாக, தலை நிறைய முடியோடு இருந்தது. அதைப் பார்த்தேன். பிறகு ஜன்னலைப் பார்த்தேன். இரண்டையும் பார்ப்பதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பால் வரவில்லை. முதலில் யாரும் கவலைப்படவில்லை. "அம்புட்டு ரத்தம் போயிருக்கு, மெள்ள ஊறும்" என்றார்கள். மைனி சுறாப்புட்டு செய்து கொண்டுவந்தார். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி ஊட்டினார். முருங்கைக் கீரை, கருவாடு, நாட்டுக்கோழிச் சாறு என்று என்னென்னவோ வந்தன. தின்னச் சொன்னதைத் தின்றேன். மார்பு கட்டவும் இல்லை, வலிக்கவும் இல்லை. குழந்தை சப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டி அழும். அது அழுவது அடுத்த வீட்டில் அழுவது மாதிரி கேட்கும்.

மைனி கடைசியில் சொல்லியே விட்டார். "நான் அப்பமே சொன்னேன். தேரை அடிச்சிருச்சு."

குழந்தை இளைத்துக்கொண்டே வந்தது. டப்பாப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. திருத்தங்கலில் மைனி வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். தாயில்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். பிரசவத்துக்காக வேலைக்குப் போகாமல் இருந்தாள். மைனி அவளிடம் கேட்டார். அவள் யோசிக்கக்கூட இல்லையாம். "தூக்கிட்டு வாங்க டீச்சர், இங்கன என்ன, ஒன்னுக்கு ரெண்டாக் குடிக்கட்டும்" என்றாளாம்.

அப்படித்தான் என் மகள் திருத்தங்கலுக்குப் போனாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. நானும் உடன் போய் ஒரு மாதம் இருந்தேன். அவள் வாசற்படிக்கு உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் தன் மகனையும் மறுபக்கம் என் மகளையும் போட்டுக்கொள்வாள். இரண்டும் ஒன்றையொன்று காலால் உதைத்துக்கொண்டே குடிக்கும். நான் எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். அவள்தான் என் முகத்தைப் பார்த்துச் சங்கடப்படுவாள்.

"வருத்தப்படாதீக டீச்சரம்மா. உங்களுக்கு ஒடம்பு தேறுனதும் பாலு வந்துரும். அப்பம் நான் குடுத்தாலும் இவ குடிக்க மாட்டா, பாருங்க."

நான் வருத்தப்படவில்லை. அதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

மகள் தேறினாள். கன்னம் வைத்தது. நான் கல்லூரிக்குத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திருத்தங்கல் ரயிலைப் பிடிப்பதென்று வைத்துக்கொண்டோம். சில ஞாயிறுகளில் கணவர் மட்டும் போனார். பிறகு பல ஞாயிறுகளில்.

அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்கு மாதவிலக்கு வரவில்லை. பலவீனம் என்று விட்டுவிட்டேன். எப்போதும் குளிர்ந்தது. அக்கினி நட்சத்திரத்தில் ஊரே மொட்டை மாடியில் படுக்க, நான் அறைக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். தொண்டை கரகரத்துப் போய், வகுப்பில் பின் பெஞ்சுக்குக் குரல் எட்டவில்லை. புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்தன. தோல் வெளுத்தது. எங்கள் ஊர் வெயிலில் நடந்துபோய் வந்தும் கறுக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

"நல்லா நெறம் வச்சிட்டீகளே டீச்சர்! என்ன சோப்புப் போடுதீக?"

சர்ச்சில் இரண்டு பெண்கள் சோப்பின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

வேலை மட்டும் நன்றாக நடந்தது. என் கை நடுங்குவதே இல்லை. தேரையின் அண்ணத்தில் துளை போடும்போது முன்பெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வேன், இப்போது அது தேவைப்படவில்லை. அறுவை செய்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. என் கட்டுரை வெளியே வந்தது. பேராசிரியர் பாராட்டி எழுதினார். அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தேன். பக்கத்தில் மூன்று தொட்டிகளில் சுரப்பி எடுத்த தேரைகள் வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தன.

ஏன் உனக்குப் புரியவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த ஒரே பதில், தன்னைப் பற்றி யோசிப்பதற்குக்கூட ஒரு ஆசை வேண்டும் என்பதுதான். எனக்கு எதிலும் ஆசை இல்லை. துக்கமும் இல்லை. துக்கம் இருந்திருந்தால் ஏதோ சரியில்லை என்றாவது தெரிந்திருக்கும்.

கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார். காலண்டர் சீசன். வீட்டுக்கு ப்ரூப் தாள்களைக் கொண்டுவந்து நிறம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் கொழுகொழுவென்று தவழ்கிற குழந்தை. நான் காப்பி கொண்டுவந்ததும் அதைச் சட்டென்று வேறு தாளுக்கு அடியில் தள்ளினார். அப்புறம் அவரே வெளியே எடுத்து வைத்தார்.

"உனக்குப் பிள்ளையைப் பாக்கணும்னு தோணவே இல்லையா?"

"தோணலை அத்தான்."

"என் மேல எதுவும் கோவமா?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். குழந்தையின் கன்னத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கல் என்று பென்சிலால் குறித்தார்.

மகள் பேச ஆரம்பித்தாள். மைனியை அம்மா என்றாள். எதிர்வீட்டுக்காரியைப் பாலம்மா என்றாள். என்னைக் காலேஜம்மா என்றாள். மைனி பதறிப்போய்த் திருத்தினார். அது திருந்தவில்லை. எனக்கு அதில் ஒன்றுமில்லை.

மகளுக்கு நாலு வயது நடக்கும்போது, தீபாவளி ஆர்டர் நெருக்கும் சமயம், ஒரு சனிக்கிழமை நான் திருத்தங்கலில் இருந்தேன். மைனி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தேன். வெடித்துப் பார்க்கிற சத்தம் அங்கே எப்போதும் கேட்பதுதான். இது அப்படி இல்லை. தரை ஒரு தடவை உதறியது. அடுக்குப் பானைகள் சரிந்தன. மைனியின் கையிலிருந்து முறம் விழுந்து உளுந்து சிதறியது. தெருவில் எல்லாரும் கிழக்கே பார்த்து ஓடினார்கள். ஊருக்கு வெளியே புகை எழும்பிக்கொண்டிருந்தது. மைனி வாசலில் நின்று, "ஏசுவே, ஏசுவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி காலையில் வேலைக்குப் போயிருந்தாள்.

நான் பீர்க்கங்காயைச் சீவி முடித்தேன்.

வெடிமருந்து அறையில் தீப் பற்றி, சரம் பின்னுகிற கொட்டகைக்குத் தாவியிருக்கிறது. மதியத்துக்கு மேல் அவளைக் கொண்டுவந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள். பெண்கள் கூடி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அவளுடைய மகன், என் மகளோடு பால் குடித்தவன், யாரோ கொடுத்த பன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஆள்களின் கால்களுக்கு நடுவே நின்றான். என் மகள் மைனியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் அழுது அழுது என் தோளில் சாய்ந்தாள். அவள் தலை கனமாக இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிடுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கல்லு மாதிரில்ல உக்காந்திருக்கு இந்தம்மா" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். "பிள்ளைக்குப் பாலு குடுத்தவ செத்துக் கெடக்கா."

வீட்டுக்கு வந்ததும் மைனி என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"நிசமாவே உனக்கு ஒன்னுமே செய்யலையா?"

"தெரியலை மைனி."

"நீ நல்லவதான், எனக்குத் தெரியும்" என்றார் மைனி. அதைச் சொல்லும்போது அவர் பயந்திருந்தது குரலில் தெரிந்தது. சிதறின உளுந்தைப் பொறுக்க உட்கார்ந்தார். நானும் சேர்ந்து பொறுக்கினேன்.

அடுத்த வருட மழைக்காலத்தில் எனக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஊரில் பாதிப் பேருக்கு அது வந்து போனது. எனக்குப் போகவில்லை. எழுந்து உட்கார முடியவில்லை. வாந்தி நின்ற பிறகும் கண் செருகிக்கொண்டே போனது. கணவர் வாடகைக் கார் பிடித்து என்னை மதுரைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் மழை. காரின் சத்தத்தையும் மீறி இரண்டு பக்கமும் தேரைகள் கத்திக்கொண்டிருந்தன.

பெரிய ஆஸ்பத்திரி. ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறை பார்த்தாள். பிறகு ஒரு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். நடுத்தர வயது, காதில் சின்னத் தோடு. குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் புருவத்தைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு."

"பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா?"

"ஆமா."

"பால் குடுத்தீங்களா?"

"ஊறவே இல்லை."

"அதுக்கப்புறம் மாதவிலக்கு?"

"வரலை."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிரசவத்துக்கு முன்னாடி மழிச்சிருப்பாங்களே. அந்த முடி திரும்ப முளைச்சுதா?"

"இல்லை" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கரும்பலகையில் சிவப்பு வட்டம் போட்டு எத்தனையோ தடவை சொன்னது. கர்ப்பத்தில் அந்தச் சுரப்பி வீங்கிப் பெரிதாகும், அதற்கு அதிக ரத்தம் வேண்டும். அந்த நேரத்தில் உடம்பில் ரத்தம் வற்றினால் முதலில் செத்துப்போவது அதுதான்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"காலேஜ்ல விலங்கியல் நடத்துறேன். ஆராய்ச்சியும் பண்றேன்."

"என்ன ஆராய்ச்சி?"

"பிட்யூட்டரி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"அப்ப நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்போ தெரிஞ்சுது?"

"இப்பத்தான். முடியைப் பத்திக் கேட்டீங்களே, அப்போ."

கணவர் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா அவரிடம் நிதானமாக விளக்கினார். இது மனசு சம்பந்தப்பட்டது இல்லை, பிள்ளை மேல் பாசம் இல்லாதவள் இல்லை, மூளைக்கடியில் ஒரு சுரப்பி ஏறக்குறைய செத்துவிட்டது, அது அனுப்ப வேண்டியதை மாத்திரையாகக் கொடுத்தால் உடம்பு கேட்கும். கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நான் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்கூட இல்லை.

முதலில் கார்ட்டிசோன் மாத்திரை. சில வாரம் கழித்துத் தைராய்டு. அது ஆட்டின் சுரப்பியைக் காயவைத்து இடித்த தூள் என்று எனக்குத் தெரியும். வாயில் போட்டால் லேசாக ஆட்டு வாடை அடிப்பது போலவே இருந்தது, கற்பனையாகவும் இருக்கலாம்.

முதலில் வந்தது வியர்வை. கல்லூரிக்கு நடந்துபோகும் வழியில் முதுகில் ஈரம் இறங்கியதும் மழையோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அப்புறம் பசி. ஒருநாள் கணவர் வைத்த குழம்பில் உப்பு அதிகம். "இதை மனுசன் தின்பானா?" என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "வையுதா! இன்னைக்கு என்னைய வையுதா!" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

துக்கம் அப்படிச் சொல்லிக்கொண்டு வரவில்லை. திருத்தங்கல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் கம்பெனிப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். அவர்கள் கையில், கழுத்தில், காதோரத்தில் அலுமினியத் தூள் மினுங்கியது. கந்தகமும் வியர்வையும் கலந்த அந்த வாடை பஸ் முழுக்க நிறைந்தது. பால் கொடுத்தவள் மேல் எப்போதும் அடித்த வாடை. நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அது ஊரே இல்லை, வெறும் சாலை. ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் சுற்றுச்சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். "வருத்தப்படாதீக டீச்சரம்மா" என்று என்னிடம் சொன்னவளுக்காக, அவள் செத்து ஒன்றரை வருடம் கழித்து. சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர், "யாரும்மா போயிட்டாக?" என்று கேட்டார். "எதிர்வீட்டுக்காரி" என்றேன். "எப்பம்?" என்றார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த திருத்தங்கல் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

மகளை அன்று புதிதாகப் பார்த்தேன். வாசலில் களிமண்ணைப் பிசைந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். கணவரின் காதுகள், என் அம்மாவின் நெற்றி. கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் விறைத்துப்போய் நின்றாள். பிறகு கத்தினாள்.

"அம்மா! காலேஜம்மாவ விடச் சொல்லு!"

மைனி ஓடி வந்தார். மகள் அவர் இடுப்பில் ஏறிக்கொண்டாள். மைனியின் முகத்தில் என்னைப் பற்றிய சந்தோஷமும் வேறொரு பயமும் ஒன்றாக இருந்தன. எத்தனையோ வருடமாக அவர் கர்த்தரிடம் கேட்டது நடந்துவிட்டது. நடந்துவிட்டதால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும்.

"கூட்டிட்டுப் போகணும்னா சொல்லு தாயி" என்றார். "துணிமணியெல்லாம் எடுத்து வச்சிருதேன்."

"கூட்டிட்டுப் போக வரலை மைனி" என்றேன். நான் அதற்குத்தான் வந்திருந்தேன்.

அதற்கடுத்த மாதங்கள்தான் கஷ்டமானவை. வெறுமையாக இருந்த வருடங்களில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. இப்போது காலையில் விழித்ததும் மகள் ஞாபகம் வரும், எதிர்வீட்டுக்காரி ஞாபகம் வரும். சீவி முடித்த பீர்க்கங்காய் ஞாபகம் வரும். ஒருநாள் மாத்திரையைப் போடாமல் கல்லூரிக்குப் போனேன். மறுநாளும். மெல்ல எல்லாம் தள்ளிப்போக ஆரம்பித்தது. அது தெரிந்த இடம், வசதியான இடம். உடம்பு தளர்ந்தது, அதைப் பற்றிக் கவலை வரவில்லை. எந்த மருந்தை நிறுத்தினால் எது எவ்வளவு நேரத்தில் குறைகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தது மட்டும் என்னில் மிச்சம்.

கணவர்தான் கண்டுபிடித்தார். நல்ல வெயிலில் நான் கம்பளியை எடுத்ததைப் பார்த்துவிட்டார்.  மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார்.

"இது வேணாம்னு இருக்கு அத்தான்" என்றேன்.

"தெரியுது."

"போட்டா எல்லாம் திரும்ப வரும்."

"வரட்டும்" என்றார். "நீ இல்லாம அஞ்சு வருசம் இந்த வீட்ல நான் மட்டும்தான் இருந்தேன். இனிமே என்னால ஆகாது."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். இன்றுவரை காலையிலும் மதியத்திலும் போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் முழுசாக எல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ எனக்கு எட்டக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதில் எவ்வளவு சுரப்பியால், எவ்வளவு என் சுபாவத்தால் என்று பிரித்துப் பார்க்க என்னிடம் கருவி இல்லை.

இன்னொரு குழந்தை பிறக்கவில்லை. தேரைகளை அதிக நாள் வைத்திருக்கவில்லை, ஆராய்ச்சியைப் பாதியில் முடித்துக்கொண்டு பாடம் நடத்துவதோடு நிறுத்திக்கொண்டேன். பேராசிரியருக்கு வருத்தம். காரணத்தை அவருக்கு விரிவாக எழுதினேன். அதை ஒரு நல்ல நோயாளி விவரமாக எடுத்துக்கொண்டு அவர் சில கேள்விகள் கேட்டு எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன்.

எதிர்வீட்டுக்காரியின் மகனை அவன் பாட்டி வீட்டார் தாயில்பட்டிக்குக் கூட்டிப்போனார்கள். என் மகள் மைனியிடமே வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். நான் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கப் பழகினேன். அவள் பாடப் புத்தகத்தை என் பக்கம் தள்ளப் பழகினாள்.

ஆறாம் வகுப்புக்கு விருதுநகர்ப் பள்ளிதான் நல்லது என்று மைனியே சொன்னார். வேலையை விட்டு அவரால் உடன் வர முடியாது, பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் அனுப்பவும் மனமில்லை. வாரநாளில் எங்களோடு இருப்பது, சனி ஞாயிறு திருத்தங்கல் என்று பேசி முடித்தோம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

முதல் நாள் பள்ளி விட்டு வந்து, பையை வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் நின்றாள்.

"காலேஜம்மா, சாப்பிட என்ன இருக்கு?"

காலையிலிருந்து யோசித்து உப்புமா கிண்டி வைத்திருந்தேன். தட்டைப் பார்த்தாள்.

"எனக்கு உப்புமா பிடிக்காது."

"சரி. என்ன பிடிக்கும்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன். "சொல்லு."

அவள் அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். வெங்காயம் போடாத தோசை, ஓரம் முறுகலாக. சீனி போட்ட தயிர். பாயாசம் வேண்டாம், முந்திரி மட்டும் எடுத்துக் கொடுத்தால் தின்பாள். புளிக்குழம்பில் முருங்கைக்காய் போடலாம், கத்திரிக்காய் போடக் கூடாது. நான் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.